ஆர்னி கார்வோனனின் மிச்ச நேரம்

அடக்கம் முடிந்த மூன்றாவது வாரம், சாயங்காலச் சாப்பாட்டு நேரத்தில், ஆர்னி கார்வோனன் தன் மனைவிக்குப் போன் செய்து ஓட்டுக் கேட்டார்.

வெர்னா அப்போதுதான் அடுப்பிலிருந்து பாஸ்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுட்டது. பழக்கதோஷத்தில் இரண்டு சுட்டிருந்தாள். கையுறையைக் கூடக் கழற்றாமல் போனை எடுத்தாள்.

"ஹலோ, நான் ஆர்னி கார்வோனன். மெயின் தெருவுல ஆணி, பெயிண்ட் எல்லாம் விக்கிறேனே, அதே ஆர்னிதான். மாநில சட்டமன்றத்துக்கு நிக்கிறேன். உங்க ஓட்டு எனக்கு வேணும். எனக்குப் பெருசா பேச வராது. நம்ம ஆம்புலன்ஸ் நம்ம ஊர்லயே நிக்கணும். அந்த ஒருங்கிணைப்பு எல்லாம் நமக்கு வேணாம். அவ்வளவுதான். சரி, சாப்பாடு ஆறிடும். போய்ச் சாப்பிடுங்க."

"சரி" என்றாள் வெர்னா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

ஆகஸ்டில் கட்சி அலுவலகத்தில் பதிவு செய்த பேச்சு அது. தொகுதியில் போன் இருக்கும் எல்லா வீட்டுக்கும் போகிறது. எந்திரத்துக்கு யாரும் சாவுச் செய்தி சொல்லவில்லை. வாக்குச்சீட்டுக்கும் சொல்லவில்லை, சீட்டுகள் அச்சாகிவிட்டன, பெயரை மாற்றும் கெடு முடிந்துவிட்டது. டாமரக் ஊரின் புல்வெளிகளில் கட்சி நட்ட பெயர்ப் பலகைகளும் அப்படியே நின்றன. கல்லறைக்குச் சொல்லியிருந்த கல் இன்னும் வரவில்லை. அதனால் ஆர்னியின் பெயர், அவரைப் புதைத்த இடம் ஒன்றைத் தவிர, ஊரில் எல்லா இடத்திலும் நட்டு வைக்கப்பட்டிருந்தது.

கூட்டங்களில் எழுந்து நின்று பேசிப் பழக்கமில்லாத மனிதர் ஆர்னி. தீயணைப்புக் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த ஆம்புலன்ஸை, போன வருடம், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாவட்டத் தலைநகருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் 'பிராந்திய ஒருங்கிணைப்பு' என்று பெயர். எதை எதோடு ஒருங்கிணைத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கோபத்தில்தான் ஆர்னி வேட்புமனு போட்டார். செப்டம்பரில் ஒரு நாள் காலை, கராஜில் பனி தள்ளும் எந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேர முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று. அவ்வளவு நேரமும் வெர்னா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். ஆர்னி ஒரே ஒரு தடவை வாய் திறந்தார்.

"இன்னும் வரலையா?"

அதை வெர்னா யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் மிச்சம் வைத்துப்போன பேச்சு அது.

மறுநாளும் அதே நேரத்துக்குப் போன் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நான்காம் நாள் அவள் போனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் கட்சியின் மாவட்டத் தலைவர் ட்வைட் ஹால்வர்சன் ஒரு பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துச் சுட்ட காசரோலுடன் வந்தார். துக்க வீட்டுக்கு வருகிற முகம் பாதியும் கல்யாண வீட்டுக்கு வருகிற முகம் பாதியுமாக இருந்தது.

"வெர்னா, ஒரு நல்ல சேதி. ஆர்னி நல்லா முன்னேறிட்டாரு."

"எங்க?"

"கருத்துக்கணிப்புல. செப்டம்பர்ல இருந்து ஏறிக்கிட்டே இருக்காரு." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பாருங்க, இறந்ததுக்கப்புறம் அவர் ஒரு தப்பு வார்த்தை பேசல. யார்கிட்டயும் சண்டைக்குப் போகல. பத்திரிகைக்காரன் கேட்டதுக்கு உளறல. என் அரசியல் வாழ்க்கையில இப்படி ஒரு ஒழுங்கான வேட்பாளரை நான் பார்த்ததே இல்ல."

"அவன் உயிரோட இருந்தப்பவும் ஒழுங்காத்தான் இருந்தான்."

"இருந்தாரு, இருந்தாரு. ஆனா எப்ப என்ன பேசுவாருன்னு தெரியாத ஆளு."

ஊர்ப் பத்திரிகை வேட்பாளர்களின் நிலைப்பாடுகளை வெளியிடுகிறது. ஆர்னியின் பதில்களைத் தானே எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னார் ட்வைட். மான்களுக்குத் தீவனம் வைப்பதில் ஆர்னி சமநிலையை விரும்புகிறார். ஏரியில் படகு இறக்கும் கட்டணத்தைக் கவலையோடு கவனித்து வருகிறார். பள்ளிக்கூடம் வாரத்தில் நாலு நாளா ஐந்து நாளா என்பதில் பெற்றோர் பக்கம் நிற்கிறார். ஆசிரியர் பக்கமும் நிற்கிறார்.

"மான் தீவனத்தைப் பத்தி ஆர்னி ஒரு நாளும் பேசினதில்லையே, ட்வைட்."

"அதுதான் எங்களுக்கு வசதி" என்று சொல்லி, காசரோலைச் சூடாக்கும் முறையை விளக்கிவிட்டுப் போனார்.

பிறகு ஆதரவுகள் வந்து குவிந்தன. வேட்டைக்காரர் சங்கம் ஆர்னியை ஆதரித்தது. மான்களைக் காப்பாற்றும் சங்கமும் ஆதரித்தது. பல் மருத்துவர் சங்கம் அவரை 'பற்களின் நண்பர்' என்று பாராட்டி ஒரு பட்டயம் அனுப்பியது. கடைவாய்ப் பல்லைக் கடையில் இருந்த குறட்டால் தானே பிடுங்கிக்கொண்ட மனிதர் அவர். மளிகைக்கடையில் பெண்கள் வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து ஆர்னி போன் பண்ணாரு. குரல் எவ்வளவு தெம்பா இருந்துச்சு தெரியுமா!" என்றார்கள்.

எதிர்த்து நின்ற லினெட் டுஃபோர் காப்பீட்டு முகவர். பாவம், அவள் பாடு பெரும்பாடு. செத்தவரைத் திட்ட முடியாது. விவாதத்துக்கு வரச்சொல்லி வம்புக்கிழுக்க முடியாது. எந்தக் கேள்வி கேட்டாலும், "ரெண்டு தரப்பையும் உட்கார வச்சுப் பேசுவேன்" என்பாள். ஆம்புலன்ஸைப் பற்றிக் கேட்டதற்கும் அதையேதான் சொன்னாள். ஆம்புலன்ஸில் இரண்டு தரப்பு யார் யார் என்று பத்திரிகைக்காரன் கேட்கவில்லை.

அக்டோபர் நடுவில் முதல் பனி விழுந்தது. புல்வெளிப் பலகைகளில் 'கார்வோனன்' என்பது மறைந்து 'ஆர்னி' மட்டும் மேலே தெரிந்தது. அன்று சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது.

"ஹலோ, நான் ஆர்னி கார்வோனன். மாநில சட்டமன்றத்துக்கு நிக்கிறேன். அந்த ஒருங்கிணைப்பு எல்லாம் நமக்கு" — நடுவில் நகம் வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம் — "வேணும். அவ்வளவுதான்."

வெர்னா காத்திருந்தாள். சாப்பாடு ஆறிவிடும் என்று அவர் சொல்லவில்லை. வெறும் இரைச்சல் வந்து, அதுவும் நின்றது.

'வேணும்' என்ற அந்த வார்த்தையை 'உங்க ஓட்டு எனக்கு வேணும்' என்பதிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. குரல் ஆர்னியுடையது. மூச்சு ஆர்னியுடையது. சொன்னது மட்டும் வேறு யாரோ. செத்தவர் ஆவியாக வருவதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். செத்தவருக்குள் இன்னொருவர் புகுந்துகொண்டு வருவதை அவள் கேள்விப்பட்டதில்லை.

காலையில் கட்சி அலுவலகத்துக்குப் போனாள். சுவரில் ஆர்னியின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. அவர் சிரிப்பைக் கூடக் கொஞ்சம் திருத்தியிருந்தார்கள்.

"நிலைப்பாடு முதிர்ச்சி அடைஞ்சிருக்கு, வெர்னா" என்றார் ட்வைட். "மாநிலத் தலைமை எல்லா இடத்துலயும் ஒருங்கிணைப்பை ஆதரிக்குது. ஆர்னியும் காலத்தோட நகரணும் இல்லையா?"

"செத்தவன் எங்கே நகர்றது?"

"உயிரோட இருக்கறவங்கதான் பிடிவாதம் பிடிப்பாங்க. ஆர்னி அந்தக் கட்டத்தைத் தாண்டிட்டாரு."

வெர்னா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் எதுக்காக நின்னான்னு உங்களுக்குத் தெரியும். எதனால செத்தான்னும் தெரியும்."

ட்வைட் குரலைத் தாழ்த்தினார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "தெரியும். அதனாலதானே இவ்வளவு அனுதாபம் இருக்கு. கிடைச்ச அனுதாபத்தை வீணாக்கலாமா, சொல்லுங்க?"

"ஜெயிச்சா அந்த நாற்காலியில யார் உட்காருவா?"

"இடம் காலின்னு அறிவிப்பாங்க. கட்சி ஒரு பெயரைச் சொல்லும்." அவர் கை தன்னையறியாமல் கழுத்துப் பட்டையைச் சரி செய்துகொண்டது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்தப் பழைய பேச்சைத் திரும்பப் போடுங்க. அவன் சொன்னதை அவன் சொன்னபடியே."

"முடிஞ்சா செய்ய மாட்டேனா? ஆனா ஒரு தடவை அறிவிச்ச நிலைப்பாட்டை மாத்தணும்னா வேட்பாளரே நேர்ல வந்து, பொதுக்கூட்டத்துல தெளிவாக்கணும். கட்சி விதி." பெருமூச்சு விட்டார். "விதின்னு ஒண்ணு இல்லேன்னா, ஆளாளுக்கு இஷ்டத்துக்குப் பேச ஆரம்பிச்சுடுவாங்க."

வீட்டுக்கு வந்த வெர்னா அன்று போனின் ஒயரைப் பிடுங்கி வைத்தாள். மணி ஆக ஆக அவளால் முடியவில்லை. திரும்பச் செருகினாள். வெட்டி ஒட்டிய ஆர்னி பேசினார். அதையும் கடைசிவரை கேட்டாள்.

தேர்தலுக்கு முந்தின வாரம், ஊர்ப் பெண்கள் வாக்காளர் சங்கம் நகர மண்டபத்தில் வேட்பாளர் கூட்டம் போட்டது. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யூனிஸ் மாட்சன்தான் அதை எப்போதும் நடத்துவாள். கேள்வியையும் அவளே கேட்பாள், நேரத்தையும் அவளே பார்ப்பாள். பச்சை அட்டை தூக்கினால் பேசலாம், மஞ்சள் தூக்கினால் முடிக்கப் பார்க்கணும், சிவப்பு தூக்கினால் வார்த்தை பாதியில் நின்றாலும் நிறுத்தணும். ஒரு தடவை ஆளுநர் பதவிக்குத் தேர்தலில் நின்றவரையே சிவப்பு அட்டையால் உட்கார வைத்தவள்.

கூட்டத்துக்கு வராத வேட்பாளரின் நாற்காலியைக் காலியாக மேடையில் போட்டு, முன்னால் பெயர் எழுதி வைப்பது அங்கே வழக்கம். வராதவரை அவமானப்படுத்துவதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. இந்த வருடம் ட்வைட் தானாகவே போய் நாற்காலி கேட்டார். ஒரு குவளைத் தண்ணீரும், வேலை செய்யும் மைக்கும் கேட்டார். மேற்கொண்டு ஒரு நிபந்தனையும் போட்டார்.

"எங்க வேட்பாளர் பேசாம விட்ட நேரம் வீணாகக் கூடாது, யூனிஸ். ஒவ்வொரு கேள்விக்கும் உள்ள நேரத்தை அவர் கணக்குல சேர்த்து வையுங்க. கடைசி உரையில மொத்தமா எடுத்துக்குவோம். அதுதான் நியாயம்."

"நேரம் வேட்பாளருடையது. அப்படின்னு விதியில எழுதிக்கட்டுமா?"

"தாராளமா எழுதுங்க. அப்படியே எழுதுங்க."

மண்டபம் நிரம்பி வழிந்தது. கதவோரம் ஈர பூட்ஸுகள் குவிந்து கிடந்தன. லினெட் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. அதன் முன்னால் இருந்த மைக் வேலை செய்தது. அறைச் சூடேற்றியின் காற்றை அது வாங்கி, மெல்ல, விட்டு விட்டு, ஒலிபெருக்கியில் கொண்டுவந்தது. தூங்குகிற மனிதனின் மூச்சு மாதிரி இருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

யூனிஸ் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். சாலையில் உப்புத் தூவுவது, ஓநாய்கள், நூலக நேரம், படகுக் கட்டணம். லினெட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தரப்பையும் உட்கார வைத்தாள். பிறகு யூனிஸ் நாற்காலியைப் பார்ப்பாள், ஒரு மூச்சு நேரம் பொறுப்பாள், "நேரம் சேர்க்கப்படுகிறது" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவாள். மூன்றாவது கேள்வியிலேயே நாற்காலிக்குக் கைதட்டல் கிடைத்தது.

"குறைஞ்சபட்சம் மழுப்பலையே மனுஷன்" என்றான் பின்னால் ஒரு மரம்வெட்டி.

லினெட்டுக்கு வியர்த்தது. மான் தீவனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று பக்கத்தில் திரும்பி, "நான் பேசி முடிக்கிறவரைக்கும் கொஞ்சம் இருங்க, ஆர்னி!" என்றாள். சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் கேள்வி கடைசியாக வந்தது. வெர்னா எழுதிக் கொடுத்த கேள்வி: டாமரக்கில் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டுமா, வேண்டாமா?

"உயிர் ரொம்ப முக்கியம்" என்றாள் லினெட். "செலவும் முக்கியம். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி..."

"மலைப்பாதைதான் நடுவுல இருக்கு" என்றான் மரம்வெட்டி. யூனிஸ் அவனுக்குச் சிவப்பு அட்டை காட்டினாள்.

கடைசி உரை. லினெட் முடித்ததும் ட்வைட் ஹால்வர்சன் முன்வரிசையிலிருந்து எழுந்தார். கையில் தடித்த ஒரு கட்டுக் காகிதம். மேடை ஏறி, நாற்காலிக்குப் பின்னால் நின்று, தொண்டையைக் கனைத்தார்.

"ஆர்னி இன்னைக்கு நம்மோட இருந்திருந்தா..."

"இருங்க." வெர்னா எழுந்து நின்றாள். பொது இடத்தில் அவளும் பேசியதில்லை. அந்த வீட்டில் யாருமே பேசியதில்லை. "அது ஆர்னியோட நேரம். ஆர்னிதான் எடுத்துக்கணும்."

"வெர்னா, உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது..."

"யூனிஸ், விதி என்ன சொல்லுது?"

யூனிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "நேரம் வேட்பாளருடையது. மிஸ்டர் ஹால்வர்சன் கேட்டுச் சேர்த்த வரி. வேட்பாளர் சார்பா இன்னொருத்தர் பேசலாம்னு எங்கேயும் இல்ல."

"அதெப்படி முடியும்?" ட்வைட்டின் குரல் ஆர்னியின் மைக்கில் பட்டு மண்டபம் முழுக்க அதிர்ந்தது. "மனுஷன் செத்துப் போயிட்டாரே!"

கட்சி அதை ஊரறியச் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"அப்படின்னா வாக்குச்சீட்டுல இருக்கறது யாரு, மிஸ்டர் ஹால்வர்சன்?" என்று கேட்டாள் யூனிஸ். நக்கலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ட்வைட் காகிதக் கட்டைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மெதுவாக இறங்கி வந்து உட்கார்ந்தார்.

யூனிஸ் கணக்குப் போட்டாள். "மொத்தம், முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு" என்றாள்.

அந்தக் கணக்கு வெர்னாவுக்குத் தெரிந்த கணக்கு. அவள் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

"ஆம்புலன்ஸைப் பத்தித்தான் அவன் பேச நினைச்சான்" என்றாள் வெர்னா. "அவன் காத்திருந்ததும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்." உட்கார்ந்துகொண்டாள்.

யூனிஸ் பச்சை அட்டையைத் தூக்கினாள்.

முதலில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஊரே தேவாலயத்தில் மௌனம் காத்துப் பழகியதுதான். தலையைக் குனிந்துகொண்டார்கள். சூடேற்றி காற்றை இழுத்து இழுத்து விட்டது. சிறிது நேரத்தில் தலைகள் நிமிர்ந்தன. இதற்குள் முடிந்திருக்க வேண்டுமே என்று பார்த்தார்கள். யூனிஸின் பச்சை அட்டை அப்படியே இருந்தது. ஒருவர் இருமினார். யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்து, அது பாதியில் வேறு மாதிரி ஆகி நின்றது. ட்வைட் எழுந்திருக்கப் பார்த்தார். "வேட்பாளர் பேசிக்கிட்டிருக்காரு" என்றாள் யூனிஸ். அவர் திரும்ப உட்கார்ந்தார்.

நேரம் போகவில்லை. நின்ற இடத்தில் நின்றது. பேசவோ ஓடவோ தூக்கவோ எதுவும் செய்ய முடியாமல் வெறுமனே காத்திருப்பது எவ்வளவு நீளம் என்று அந்த ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. லினெட் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள். மரம்வெட்டி தொப்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். வெளியே சாலையில் தூரத்தில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. சொல்லி வைத்த மாதிரி மண்டபம் முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியது. அது ஒரு பால் லாரி. கடந்து போயிற்று.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. தாழ்ந்து, களைத்து, பொறுமையாக.

"இன்னும் வரலையா?"

யார் கேட்டது என்று பிறகு எவ்வளவு விசாரித்தும் தெரியவில்லை. பின்வரிசை என்றார்கள் முன்னால் இருந்தவர்கள். மேடைப் பக்கம் என்றார்கள் பின்னால் இருந்தவர்கள். வெர்னா திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, எப்போதோ சொல்லியிருக்க வேண்டிய பதிலை மெல்லச் சொன்னாள்.

"இல்ல ஆர்னி. இன்னும் வரல."

சிவப்பு அட்டை ஏறும்போது மண்டபத்தில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். யூனிஸ் அட்டையைக் கீழே வைத்தாள். "நேரம் முடிஞ்சது, ஆர்னி. நன்றி" என்றாள்.

யாரும் கேட்காமலேயே லினெட் தன் மைக்கை இழுத்தாள். "ஆம்புலன்ஸ் இங்கதான் நிக்கணும்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது போலிருந்தது. ஒரே ஒரு தரப்புதான் உட்கார்ந்திருந்தது அந்தப் பேச்சில்.

மறுநாள் இரண்டு கட்சிகளும் அறிக்கை விட்டன. ஆம்புலன்ஸ் டாமரக்கில் நிற்க வேண்டும் என்பதே தங்கள் மாறாத நிலைப்பாடு என்று இரண்டும் கூறின. ட்வைட் ஹால்வர்சனின் அறிக்கையில் கூடுதலாக ஒரு வரி இருந்தது: "நேற்றைய பொதுக்கூட்டத்தில் எங்கள் வேட்பாளர் நேரில் கலந்துகொண்டு தம் நிலைப்பாட்டைத் தெளிவுபடுத்தினார்." விதியென்றால் விதிதான்.

தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் வெர்னா பாஸ்டி சுட்டாள். ஒன்றுதான் சுட்டாள். நாளையோடு எந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். பிறகு இந்த நேரத்துக்குப் போன் அடிக்காது. அது அவளுக்குத் தெரியும்.

மணி அடித்தது.

"ஹலோ, நான் ஆர்னி கார்வோனன். மெயின் தெருவுல ஆணி, பெயிண்ட் எல்லாம் விக்கிறேனே..."

வெட்டிய சத்தம் எங்கும் இல்லை. நம்ம ஆம்புலன்ஸ் நம்ம ஊரிலேயே நிற்க வேண்டும் என்றார். ஒருங்கிணைப்பு வேண்டாம் என்றார். அவ்வளவுதான் என்றார். பிறகு, பேசத் தெரியாத மனிதர் பேச்சை முடிக்கத் தெரியாமல் திணறும் அந்தச் சின்ன இடைவெளி வந்தது. ஆகஸ்டில் அதைப் பதிவு செய்த அன்று, அலுவலகத்துக்கு வெளியே வண்டியில் காத்திருந்த மனைவியின் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"சரி, சாப்பாடு ஆறிடும். போய்ச் சாப்பிடுங்க."

வெர்னா போனை வைத்தாள். அடக்கம் முடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றுகொண்டே தின்றவள், அன்று தட்டை மேஜைக்கு எடுத்துப்போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சூடு இருக்கும்போதே சாப்பிட்டாள்.